ஜிரா பேக்லாகில் சப்டாஸ்க் தெரியவில்லையா? காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

டீமின் வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவைப் பற்றி, "சப்டாஸ்க் எல்லாம் காணோம்" (சப்டாஸ்க் என்பது ஒரு வேலைக்குள் பிரித்துப் போடும் சிறு வேலை) என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் எதுவுமே காணாமல் போயிருக்காது. போட்டது போட்ட இடத்திலேயே இருக்கும், நாம் பார்க்கிற திரைதான் அதைக் காட்டாது. காட்டாததற்கு ஏழெட்டு காரணங்கள் உண்டு. கைக்கு வந்த செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்தால் அரை நாள் போய்விடும், போதாததற்கு பக்கத்து டீமின் போர்டும் (வேலைகளைக் கார்டுகளாகக் காட்டும் திரை) கெட்டுப்போகும். ஒரு வரிசை வைத்துக்கொண்டு பார்த்தால் டீ ஆறுவதற்குள் பிடித்துவிடலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்காக இரண்டு கற்பனை ப்ராஜெக்டுகளை வைத்துக்கொள்வோம். ஒன்று, சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கான எடைக் கணக்கு ஆப். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எல்லாவற்றையும் கணக்கு வைப்பது அதன் வேலை. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் ஸ்க்ரம் போர்டு (வேலையை ஸ்பிரிண்ட் என்ற குறுகிய காலச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை). இரண்டாவது, ஏற்காட்டுக் காபித் தோட்டங்களுக்கான பழ எடைச் சீட்டு ஆப். இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிற திருத்தங்களை மட்டும் செய்கிறோம், அதனால் கான்பான் போர்டு (சுற்று எதுவும் இல்லாமல், வர வரச் செய்யும் முறை).

தேடல் கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். ஜிராவில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இன்னொன்று: கிளவுட் பதிப்பில், ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியன் இப்போது "இஷ்யூ" (பதிந்த எந்த வேலைக்கும் பொதுப்பெயர்) என்ற பெயரை "ஒர்க் ஐட்டம்" என்று மாற்றி வருகிறது. ஆபீஸில் யாரும் இன்னும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை, நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன். மெனுவில் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

முதலில் தெரிய வேண்டியது: எந்தத் திரையில் எது வரும்

கம்பெனி மேனேஜ்டு (ஜிரா அட்மின் அமைத்து நிர்வகிக்கும்) ஸ்க்ரம் ப்ராஜெக்டின் பேக்லாகில் சப்டாஸ்குகள் தனித்தனி வரியாக வராது. இது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். அடுத்து எந்த வேலை, அதற்கடுத்து எது என்று மேலும் கீழும் இழுத்து வரிசைப்படுத்தும் இடம் பேக்லாக். சப்டாஸ்குக்கு அதன் பேரன்ட் ஸ்டோரிக்குள் (எந்தப் பெரிய வேலையின் பகுதியோ அதற்குள்) மட்டும்தான் வரிசை உண்டு, வெளியே தனியாக ஓர் இடம் கிடையாது. ஆகவே பேக்லாகில் ஸ்டோரியின் வரியைச் சொடுக்கினால் வலப்பக்கம் திறக்கும் பேனலில், சைல்டு இஷ்யூ என்ற பகுதியில் சப்டாஸ்குகள் வரிசையாக இருக்கும். ஸ்பிரிண்டைத் தொடங்கிய பிறகு, ஆக்டிவ் ஸ்பிரிண்ட் போர்டில்தான் அவை தனித்தனி கார்டுகளாக வந்து நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் எபிக்தான் (பல ஸ்டோரிகளை அடக்கிய பெரிய வேலை). எபிக்குக்குக் கீழே இருக்கிற ஸ்டோரியையும் ஜிரா "சைல்டு" என்கிறது, ஸ்டோரிக்குக் கீழே இருக்கிற சப்டாஸ்கையும் "சைல்டு" என்கிறது. எபிக்கின் பிள்ளை பேக்லாகில் தனி வரியாக வருகிறது, ஸ்டோரியின் பிள்ளை வருவதில்லை. முந்தைய ப்ராஜெக்டில் எபிக்கும் ஸ்டோரியும் மட்டும் வைத்து வேலை செய்து பழகியவர், புதிய ப்ராஜெக்டில் சப்டாஸ்க் போட்டுவிட்டு பேக்லாகில் தேடுவது இயல்புதான்.

உங்கள் ப்ராஜெக்ட் கம்பெனி மேனேஜ்டா, டீம் மேனேஜ்டா (டீமே நிர்வகிப்பது) என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லா ப்ராஜெக்டுகளையும் பட்டியலிடும் பக்கத்தில் "டைப்" என்ற நெடுவரிசையில் எழுதியிருக்கும். கீழே சொல்லப்போகிற ஃபில்டர், நெடுவரிசை வேலைகளில் பெரும்பகுதி கம்பெனி மேனேஜ்டுக்கு உரியது. டீம் மேனேஜ்டில் செட்டிங் குறைவு, அதனால் கெடுவதற்கான வாய்ப்பும் குறைவு. அங்கே பெரும்பாலும் போர்டின் மேலே உள்ள "குரூப் பை" என்ற இடத்தில் சப்டாஸ்க் என்று தேர்ந்தெடுத்தாலே, பேரன்ட் வாரியாகப் பிரிந்து சப்டாஸ்குகள் வந்து நிற்கும்.

படி 1: இருக்கிறதா, இல்லையா?

போர்டை மூடிவிட்டு இஷ்யூ தேடல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஜேக்யூஎல் (ஜிராவின் தேடல் மொழி) முறைக்கு மாறி, "பேரன்ட் = கேஎல்எஸ்-42" என்று தட்டுங்கள். கேஎல்எஸ்-42 என்பது நம் கொலுசு ஆப்பில் "பட்டறை வாரியாக சேதார அறிக்கை" என்ற ஸ்டோரி. அதற்குக் கீழே ஆறு சப்டாஸ்க் போட்டதாக ஞாபகம். தேடலில் ஆறும் வந்தால் நிம்மதி: தரவு பத்திரமாக இருக்கிறது, பிரச்சினை காட்சியில்தான். அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

ஆறுக்கு நான்குதான் வந்தால் கதை வேறு. மீதி இரண்டை யாராவது அழித்திருக்கலாம், வேறு பேரன்டுக்கு மாற்றியிருக்கலாம், "கன்வர்ட் டு இஷ்யூ" கொடுத்துத் தனி டாஸ்க்காக ஆக்கியிருக்கலாம். பேரன்ட் ஸ்டோரியைத் திறந்து, அடியில் ஹிஸ்டரி தாவலைப் பாருங்கள். சப்டாஸ்கின் எண் தெரிந்தால் அதை நேரடியாகத் தேடித் திறந்து அதன் ஹிஸ்டரியையும் பாருங்கள். அழிக்காமல் மாற்றியிருந்தால், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அங்கே இருக்கும்.

இதற்கு நேர்மாறான விபத்தும் நடக்கும். பேக்லாகில் நேற்று வரை தனி வரியாக இருந்த ஒரு ஸ்டோரி இன்று இல்லை. யாரோ அதைச் சப்டாஸ்காக மாற்றிவிட்டார்கள் என்பது முதலில் சந்தேகிக்க வேண்டியது. மாற்றிய கணத்திலேயே அது பேக்லாக் வரிசையிலிருந்து போய்விடும்.

சப்டாஸ்கை உருவாக்கவே முடியவில்லை, அந்த வகையே பட்டியலில் வரவில்லை என்றால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் ப்ராஜெக்டின் இஷ்யூ டைப் ஸ்கீமில் சப்டாஸ்க் வகை சேர்க்கப்படவில்லை. ஜிரா அட்மினிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். டீம் மேனேஜ்டு என்றால் ப்ராஜெக்ட் செட்டிங்கிலேயே நீங்களே சேர்க்கலாம்.

பர்மிஷன் பக்கம் போக வேண்டாம். "எனக்கு அனுமதி இல்லை போல" என்று பலரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். சப்டாஸ்குக்குத் தனி செக்யூரிட்டி லெவல் கிடையாது, பேரன்டுக்கு என்ன இருக்கிறதோ அதுதான் அதற்கும். பேரன்டும் சப்டாஸ்கும் ஒரே ப்ராஜெக்டில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே பேரன்ட் உங்களுக்குத் தெரிகிறது என்றால் பார்க்கும் அனுமதி உங்களுக்கு உண்டு.

படி 2: போர்டு ஃபில்டர்

நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஜிரா போர்டு தன்னிடம் எதையும் சேமித்து வைப்பதில்லை. அதற்குப் பின்னால் சேமித்த தேடல் வாக்கியம் ஒன்று இருக்கிறது, அந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிறவை மட்டும் போர்டிலும் பேக்லாகிலும் வரும். ஜவ்வரிசி ஆலைச் சல்லடை போலத்தான்: கீழே விழாதது தொலைந்துவிடுவதில்லை, மேலேயே தங்கிக் கிடக்கிறது.

போர்டு செட்டிங்கில் ஜெனரல் என்ற பகுதியில் ஃபில்டர் வாக்கியம் இருக்கும். அதை அப்படியே நகலெடுங்கள். கடைசியில் "ஆர்டர் பை ரேங்க்" என்று இருந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள். மீதியை ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் பின்னால் "ஆண்ட் பேரன்ட் = கேஎல்எஸ்-42" என்று சேர்த்துத் தேடல் பக்கத்தில் ஓட்டுங்கள். படி 1-இல் ஆறு வந்தது, இப்போது இரண்டுதான் வருகிறது என்றால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ஆறும் வந்தால் ஃபில்டர் சுத்தம், படி 3-க்குப் போங்கள்.

அடைப்புக்குறி போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜேக்யூஎல்லில் "ஆண்ட்" முதலில் கட்டிக்கொள்ளும், "ஆர்" பிறகுதான். வாக்கியத்தில் எங்காவது ஓர் "ஆர்" இருந்து, நீங்கள் அடைப்புக்குறி இல்லாமல் ஒட்டினால், புதிதாகச் சேர்த்த நிபந்தனை கடைசித் துண்டோடு மட்டும் சேர்ந்துகொள்ளும். வரக்கூடாததெல்லாம் வந்து குவியும். உங்கள் போர்டின் ஃபில்டரே அடைப்புக்குறி இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், அதுவே பிரச்சினையின் வேராகவும் இருக்கலாம்.

குற்றம் ஃபில்டரில்தான் என்று தெரிந்த பிறகு, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தவுடன் ஆறும் வருகிறதோ அதுதான். வழக்கமாக மாட்டுபவை இவை.

"இஷ்யூ டைப் = ஸ்டோரி", அல்லது ஸ்டோரி, பக், டாஸ்க் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. போர்டை முதலில் அமைத்தவர் அப்போது இருந்த வகைகளை எழுதியிருப்பார், சப்டாஸ்க் பிறகு வந்திருக்கும். "ஸ்டாண்டர்ட் இஷ்யூ டைப்ஸ்" என்ற ஃபங்ஷன் இருந்தாலும் இதே விளைவுதான், அது சப்டாஸ்க் அல்லாத வகைகளை மட்டும் எடுக்கும். பட்டியலோடு "சப்டாஸ்க் இஷ்யூ டைப்ஸ்" என்ற ஃபங்ஷனையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

அடுத்தது லேபிள், காம்பொனென்ட். இதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. ஒரே ப்ராஜெக்டில் இரண்டு டீம் வேலை செய்யும், ஒவ்வொரு டீமுக்கும் ஒரு லேபிள், லேபிளை வைத்து ஒரு போர்டு. கொலுசு ஆப்பில் "பட்டறை" என்று ஒரு லேபிள், "கடை" என்று ஒரு லேபிள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரிக்கு "பட்டறை" லேபிள் போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே போடும் சப்டாஸ்குக்கு அந்த லேபிள் தானாக வராது. பேரன்டின் ஸ்பிரிண்ட் வரும், செக்யூரிட்டி லெவல் வரும், ஆனால் லேபிளும் காம்பொனென்டும் ஃபிக்ஸ் வெர்ஷனும் (எந்த ரிலீஸில் வரும் என்ற குறிப்பு) வராது. போர்டில் ஸ்டோரி மட்டும் மொட்டையாக நிற்கும், பிள்ளைகள் இருக்காது.

ஏற்கெனவே போட்ட சப்டாஸ்குகளுக்கு "பல்க் சேஞ்ச்" வழியாக மொத்தமாக லேபிள் போட்டுவிடலாம். இனி போடப் போகிறவற்றுக்கு ஆட்டோமேஷனில் ஒரு விதி எழுதுங்கள்: இஷ்யூ உருவானதும், வகை சப்டாஸ்க் என்றால், லேபிளைப் பேரன்டிலிருந்து நகலெடு. "காப்பி ஃப்ரம் பேரன்ட்" என்ற வசதி அந்த விதி எழுதும் இடத்திலேயே இருக்கிறது. இலவசத் திட்டத்தில் இருக்கும் சிறிய டீம்கள் (10 பேர் வரை இலவசம்) ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆட்டோமேஷன் மாதத்துக்கு இத்தனை முறைதான் ஓடும் என்று வரம்பு உண்டு. நாளொன்றுக்குப் பத்திருபது சப்டாஸ்க் போடும் டீம் என்றால் மாதம் முடிவதற்கு முன்பே விதி நின்றுவிட்டு, மறுபடி "காணோம்" என்று புகார் வரும்.

மூன்றாவது, எபிக்கை வைத்து எழுதிய ஃபில்டர். எபிக்கோடு நேரடி இணைப்பு ஸ்டோரிக்குத்தான் இருக்கும், சப்டாஸ்குக்கு இருக்காது. "இந்த எபிக்கைச் சேர்ந்தவை மட்டும்" என்று போர்டு அமைத்தால் சப்டாஸ்குகள் மொத்தமாக விழுந்துவிடும். அசைனியை வைத்து எழுதிய ஃபில்டரிலும் இதே கதைதான்: ஸ்டோரி ஒருவர் பெயரில், சப்டாஸ்க் இன்னொருவர் பெயரில்.

மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். பழைய வாக்கியத்தை எங்காவது எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். ஒரே ஃபில்டரை வேறு போர்டுகளும் பயன்படுத்தலாம், நீங்கள் மாற்றினால் அங்கேயும் மாறும். போர்டுக்கு நீங்கள் அட்மினாக இருந்தாலும் ஃபில்டர் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. அதைத் திருத்தும் உரிமை ஃபில்டரின் சொந்தக்காரருக்கும், அவர் உரிமை கொடுத்தவர்களுக்கும்தான். சொந்தக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தால் ஜிரா அட்மின் வழியாகத்தான் சொந்தத்தை மாற்ற வேண்டும்.

படி 3: ஸ்டேட்டஸ் எந்த நெடுவரிசையில்?

ஃபில்டரில் ஆறும் வருகிறது, போர்டில் நான்குதான் தெரிகிறது. அப்போது போர்டு செட்டிங்கில் காலம்ஸ் பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கீழே எந்தெந்த ஸ்டேட்டஸ் மாட்டியிருக்கிறது என்று காட்டும். எதிலும் மாட்டாத ஸ்டேட்டஸ்கள் "அன்மேப்டு" என்ற தனி இடத்தில் கிடக்கும். அங்கே கிடக்கும் ஸ்டேட்டஸில் இருக்கிற எந்த இஷ்யூவும் போர்டிலும் வராது, பேக்லாகிலும் வராது.

சப்டாஸ்குக்கு மட்டும் இது ஏன் நடக்கிறது? ஒர்க்ஃப்ளோ ஸ்கீமில் ஸ்டோரிக்கு ஓர் ஒர்க்ஃப்ளோ (வேலை கடந்து போகும் ஸ்டேட்டஸ்களின் வரிசை), சப்டாஸ்குக்கு வேறு ஒர்க்ஃப்ளோ என்று வைக்கலாம். டெஸ்டிங் டீம் கேட்டதற்காக அட்மின் சப்டாஸ்க் ஒர்க்ஃப்ளோவில் மட்டும் "எடை சரிபார்ப்பில்" என்று புதிய ஸ்டேட்டஸ் ஒன்றைச் சேர்க்கிறார். போர்டுக்கு அது தெரியாது. யாராவது ஒரு சப்டாஸ்கை அந்த ஸ்டேட்டஸுக்கு நகர்த்தியதும் கார்டு மறைந்துவிடும். "நகர்த்தினேன், காணாமல் போச்சு" என்ற வகைப் புகார் வந்தால் நேரே இந்தப் படிக்கு வரலாம். அந்த ஸ்டேட்டஸைப் பொருத்தமான நெடுவரிசைக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கடைசி நெடுவரிசையையும் பாருங்கள். ஜிரா போர்டைப் பொறுத்தவரை வலக்கோடியில் இருக்கும் நெடுவரிசையில் எந்த ஸ்டேட்டஸ் மாட்டியிருக்கிறதோ அது முடிந்த வேலை. டன் (முடிந்தது) என்பதற்குப் பக்கத்தில் "கிளையன்ட் ஒப்புதலுக்கு" என்று ஒரு ஸ்டேட்டஸைச் சும்மா மாட்டி வைத்தால், அதில் நிற்கும் ஸ்டோரியும் முடிந்ததாகவே எண்ணப்பட்டு பேக்லாகிலிருந்து இறங்கிவிடும். பேரன்ட் இறங்கினால் அதன் பேனலும் கைக்கு எட்டாது.

படி 4: பேரன்ட் எங்கே நிற்கிறது?

சப்டாஸ்கைத் தனியாக ஒரு ஸ்பிரிண்டில் போட முடியாது. அதன் ஸ்பிரிண்ட் எப்போதும் பேரன்டின் ஸ்பிரிண்டுதான். தேடல் பக்கத்திலிருந்து சப்டாஸ்கின் ஸ்பிரிண்டை மாற்ற முயன்றால், இது சப்டாஸ்க், பேரன்டோடுதான் போகும் என்ற பொருளில் ஜிராவே மறுத்துவிடும்.

ஜாகீர் அம்மாபாளையத்து ஐடி பார்க்கில் எந்தத் தளத்தில் ஏறினாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது:

"அக்கா, நேத்து போட்ட சப்டாஸ்க் ஒண்ணுகூட போர்டுல வரலைங்க்கா."

"ஸ்டோரி ஸ்பிரிண்டுக்குள்ள இருக்கா?"

"அது பேக்லாக்ல இருக்குதுங்க."

"அப்புறம் பிள்ளை மட்டும் எப்படிப்பா தனியா பஸ் ஏறி வரும்?"

அக்கா சொன்னதுதான் விஷயம். ஸ்டோரியை ஸ்பிரிண்டுக்குள் இழுத்துவிட்டால் அதன் சப்டாஸ்குகள் எல்லாம் கூடவே வரும். முடியாத ஸ்டோரி ஸ்பிரிண்ட் முடிவில் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும்போதும் அப்படியே.

இங்கே இரண்டு சிக்கலான நிலைமைகள் உண்டு. ஸ்பிரிண்டை முடிக்கப் போகிறீர்கள், ஜிரா மறுக்கிறது. பேரன்ட் டன்னில் இருக்கிறது, அதன் சப்டாஸ்க் ஒன்று இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் படி 3-இல் சொன்ன மாட்டாத ஸ்டேட்டஸில் நின்றுகொண்டு போர்டில் தெரியாமல் இருக்கும் சப்டாஸ்க்தான் அது. தெரிந்தால் மூடியிருப்போமே! தேடல் பக்கத்தில் அந்த ஸ்பிரிண்டின் பெயரையும், "ஸ்டேட்டஸ் கேட்டகரி டன் இல்லை" என்பதையும், சப்டாஸ்க் வகைகளையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும்.

இன்னொன்று இதைவிடத் தந்திரமானது. சென்ற மாதம் முடித்து மூடிய ஸ்பிரிண்டில் "கூலிச் சீட்டு அச்சிடுதல்" என்ற ஸ்டோரி டன் ஆகிவிட்டது. இன்று கிளையன்ட் ஒரு சிறு திருத்தம் கேட்கிறார். சின்ன வேலைதானே என்று அந்தப் பழைய ஸ்டோரிக்குக் கீழேயே ஒரு சப்டாஸ்க் போடுகிறோம். அது எங்கே தெரியும்? ஆக்டிவ் ஸ்பிரிண்டில் தெரியாது, ஏனென்றால் பேரன்ட் மூடிய ஸ்பிரிண்டில் இருக்கிறது. பேக்லாகிலும் பேரன்ட் வராது, ஏனென்றால் அது டன். எந்தத் திரையிலும் இல்லாமல், தேடலில் மட்டும் உயிரோடு இருக்கும் ஒரு வேலை உருவாகிவிட்டது. பேரன்டை மறுபடி திறந்து இந்த ஸ்பிரிண்டில் போடலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், யாராவது பழைய அறிக்கையைப் புரட்டும்போது முடிந்த ஸ்டோரி ஏன் மறுபடி திறந்தது என்று கேள்வி வரும். புதிய டாஸ்க்காகப் போட்டுப் பழைய ஸ்டோரியோடு லிங்க் செய்துவிடுவதே நல்லது.

படி 5: கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாதவை

இவை சின்ன விஷயங்கள், வேகமாகச் சரிபார்த்துவிடலாம். போர்டின் மேலே குயிக் ஃபில்டர் ஏதாவது அழுத்திய நிலையில் இருக்கிறதா? தேடல் பெட்டியில் நேற்றுத் தட்டிய சொல் இன்னும் இருக்கிறதா? அசைனி படங்களில் ஒன்று தேர்வாகி இருக்கிறதா? ஸ்விம்லேன் (போர்டைக் குறுக்காகப் பிரிக்கும் வரிசை) சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு, நெட் விட்டு விட்டு வரும்போது பழைய திரையே நின்றுகொண்டிருக்கலாம். அவரிடம் முதலில் பக்கத்தை ரீலோட் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்விம்லேனைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று. போர்டு செட்டிங்கில் ஸ்விம்லேனை "ஸ்டோரிஸ்" அடிப்படையில் வைத்தால், ஸ்டோரி தலைப்பாகவும் அதன் சப்டாஸ்குகள் கீழே கார்டுகளாகவும் வரும். சப்டாஸ்க் இல்லாத ஸ்டோரிகள் தனியே அடியில் சேர்ந்துவிடும். ஸ்டோரியே கார்டாக வரவில்லையே என்று சிலர் தேடுவது இதனால்தான். தலைப்பு வரியாக அது மேலேயே நிற்கிறது. "அசைனி" அடிப்படையில் வைத்தால் ஒரே ஸ்டோரியின் பிள்ளைகள் நாலு பேர் வரிசையில் சிதறிவிடும். தினசரி ஸ்டாண்டப்புக்கு அது வசதி என்று சிலர் சொல்வார்கள். ஸ்டோரி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் ஸ்டோரிஸ்தான் சரி.

கான்பான் போர்டு என்றால்

கான்பானில் பேக்லாக் என்ற திரை எப்போதும் இருப்பதில்லை. காலம்ஸ் பகுதியில் "கான்பான் பேக்லாக்" என்ற இடத்துக்கு ஏதாவது ஒரு ஸ்டேட்டஸை இழுத்துப் போட்டால்தான் அந்தத் திரையே வரும். சப்டாஸ்குகளின் தொடக்க ஸ்டேட்டஸ் அங்கே மாட்டியிருக்கிறதா, போர்டு நெடுவரிசையில் மாட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

கான்பானுக்கென்று இன்னொரு சல்லடை உண்டு: சப் ஃபில்டர். ஜெனரல் பகுதியிலேயே முதன்மை ஃபில்டருக்குக் கீழே இருக்கும். ரிலீஸ் ஆகாத வெர்ஷனில் இருப்பவை அல்லது வெர்ஷனே இல்லாதவை மட்டும் போர்டில் வரட்டும் என்பது அதன் வழக்கமான வாக்கியம். காபிச் சீட்டு ஆப்பை எடுத்துக்கொள்வோம். அறுவடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெர்ஷனை ரிலீஸ் செய்து, ஜிராவிலும் "ரிலீஸ்டு" என்று குறித்துவிட்டோம். அந்த வெர்ஷன் போட்டிருந்த சப்டாஸ்குகளில் இரண்டு முடியாமல் இருந்தன. ரிலீஸ் பொத்தானை அழுத்தியதும் அவை போர்டைவிட்டு இறங்கிவிடும். ஸ்டோரியின் வெர்ஷனை அடுத்ததற்கு மாற்றினாலும் சப்டாஸ்கின் வெர்ஷன் தானாக மாறாது. ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும், அந்த வெர்ஷனில் முடியாத சப்டாஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முடிந்தவை சில நாளில் மறைவதும் இங்கே வழக்கம்தான். பழைய முடிந்த வேலைகளை ஒளித்துவைக்கும் அமைப்பு கான்பான் போர்டில் இருக்கிறது, வேண்டாம் என்றால் ஜெனரல் பகுதியில் மாற்றலாம்.

புள்ளிக் கணக்கு ஒத்துவராதபோது

இது காட்சிப் பிரச்சினையின் சித்தப்பா பிள்ளை. சப்டாஸ்குகளுக்கெல்லாம் ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவைக் குறிக்கும் எண்) போட்டோம், பேக்லாகில் ஸ்பிரிண்ட் தலைப்பில் கூட்டுத்தொகை ஏறவில்லை என்பார்கள். ஏறாது. ஸ்பிரிண்ட் மொத்தத்திலும் வெலாசிட்டியிலும் (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் பாயின்ட் கணக்கு) சேர்வது ஸ்டோரியின் பாயின்ட்தான். சப்டாஸ்கில் பாயின்ட் போடுவதை விட்டுவிடுங்கள். உள்வேலையை அளக்கத்தான் வேண்டும் என்றால் சப்டாஸ்கில் மணிக்கணக்கில் நேர மதிப்பீடு போடுங்கள், அதற்குத் தனி இடம் இருக்கிறது.

எனக்கு வரிவரியாகவேதான் வேண்டும் என்றால்

சப்டாஸ்குகளையும் ஸ்டோரிகளோடு ஒரே பட்டியலில் பார்க்க வேண்டுமானால், கிளவுட் பதிப்பில் "லிஸ்ட்" என்ற காட்சி இருக்கிறது. பேரன்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் பிள்ளைகள் விரியும். வாரக் கூட்டத்துக்கு அதுவே போதும்.

அதையும் தாண்டி, "இந்தச் சப்டாஸ்கை மட்டும் முன்னால் கொண்டுவர வேண்டும், மற்றது பிறகு" என்று யாராவது கேட்டால், அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தனியாக முன்னுரிமை கேட்கிற வேலை சப்டாஸ்காக இருக்கக்கூடாது. சேதார அறிக்கை ஸ்டோரியில் டேபிள் அமைப்பது, திரை கட்டுவது, சோதிப்பது எல்லாம் சப்டாஸ்க்தான். தனித்தனியாக முடித்துக் கொடுத்தால் பட்டறைக்காரருக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. அதே ஸ்டோரிக்குக் கீழே "சேதாரம் வரம்பைத் தாண்டினால் முதலாளிக்கு எஸ்எம்எஸ்" என்று ஒன்று கிடந்தால், அது தப்பான இடத்தில் இருக்கிறது. அறிக்கை வருவதற்கு முன்பே அது மட்டும் வந்தாலும் முதலாளிக்குப் பயன்தான். அதை "கன்வர்ட் டு இஷ்யூ" கொடுத்து ஸ்டோரி ஆக்கிவிடுங்கள், பேக்லாகில் தானாகவே தனி வரி கிடைக்கும். மாற்றிய கையோடு அதன் எபிக்கையும் ஸ்பிரிண்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டோரி பாயின்ட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். மறுதிசையில் மாற்றும்போது ஒரு தடை உண்டு: சப்டாஸ்க் வைத்திருக்கும் ஸ்டோரியை அப்படியே சப்டாஸ்க் ஆக்க முடியாது, ஏனென்றால் சப்டாஸ்குக்குக் கீழே சப்டாஸ்க் கிடையாது.

காட்சிப் பிரச்சினை என்று வருகிறவற்றில் பல, பிரித்த விதத்தில் உள்ள பிரச்சினைகளாகவே முடிகின்றன. செட்டிங்கைத் திருகுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஜிரா இல்லாத இடங்களில்

ஜிரா போன்ற வேறு கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஆஷூர் டெவ்ஆப்ஸில் டாஸ்க், ஸ்பிரிண்ட் பேக்லாகிலும் டாஸ்க்போர்டிலும் வர வேண்டுமானால் அதன் இட்டரேஷன் பாத் அந்த ஸ்பிரிண்டாகவும், ஏரியா பாத் அந்த டீமுடையதாகவும் இருக்க வேண்டும். ஜிராவைப் போல் இங்கே பிள்ளை கட்டாயமாகப் பேரன்டோடு போவதில்லை. ஸ்டோரியைத் திறந்து இட்டரேஷனை மட்டும் மாற்றிவிட்டு டாஸ்குகளை விட்டுவிட்டால், அவை பழைய ஸ்பிரிண்டிலேயே தங்கிவிடும். ஸ்டோரிக்குக் கீழே ஸ்டோரி என்று ஒரே வகையை அடுக்குவதையும் தவிருங்கள், போர்டில் எல்லா அடுக்கும் ஒழுங்காக வராது.

ஆசானாவில் சப்டாஸ்க், பேரன்டின் ப்ராஜெக்டில் தானாகச் சேராது. ப்ராஜெக்ட் பட்டியலில் தனியாகத் தெரிய வேண்டுமானால் சப்டாஸ்கைத் திறந்து அந்த ப்ராஜெக்டைச் சேர்க்க வேண்டும். கிளிக்அப்பில் எளிது: காட்சியின் மேலேயே சப்டாஸ்குகளைச் சுருக்கவா, விரிக்கவா, தனி டாஸ்க் போலக் காட்டவா என்று தேர்ந்தெடுக்கலாம்.

அட்மினிடம் கேட்கும்போது

எல்லாப் படியும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் அட்மினுக்கு எழுதுங்கள். "ஜிரா வேலை செய்யல அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பினால் அவர் படி 1-இலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்படி அனுப்பினால் அன்றைக்கே பதில் வரும்:

"அண்ணா, கேஎல்எஸ்-42-க்குக் கீழே ஆறு சப்டாஸ்க் இருக்கு, தேடல்ல ஆறும் வருது. பட்டறை போர்டோட ஃபில்டரை அடைப்புக்குறிக்குள்ள போட்டு பேரன்டோட சேர்த்து ஓட்டினாலும் ஆறு வருது. போர்டுல கேஎல்எஸ்-47, 48 ரெண்டும் மட்டும் இல்லை. ரெண்டும் 'எடை சரிபார்ப்பில்' ஸ்டேட்டஸ்ல இருக்கு. காலம்ஸ் பக்கத்துல எனக்கு எடிட் உரிமை இல்லை. அந்த ஸ்டேட்டஸ் எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க. ஸ்க்ரீன்ஷாட் கீழே."